ஹாஸ்டல் வாசலிலிருந்து டாங்ரா வரை



மலருக்குக் கட்டுரை கேட்டு செயலாளர் நண்பன் போன் செய்தபோது, "கான்கிரீட்டைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "அதை நாலு வருஷம் படிச்சுப் பட்டது போதும்டா. சாப்பாட்டைப் பத்தி எழுது" என்றான். எனவே சாப்பாடு, கூடவே கொஞ்சம் சரித்திரம்.

நம் ஹாஸ்டல் வாசலில் ராத்திரி ஏழு மணிக்கு வந்து நிற்கும் அந்தத் தள்ளுவண்டியை யார்தான் மறக்க முடியும்? மெஸ்ஸில் உப்புமா என்று சேதி பரவினால் போதும், அங்கே கூட்டம் அலைமோதும். அரை பிளேட் ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், பார்சல்! மாஸ்டர் நேபாளத்துக்காரர். நாமோ அவரை "சீனாக்காரரே" என்றுதான் கூப்பிடுவோம். அவரும் சிரித்துக்கொள்வார்.

பிற்பாடு வேலை நிமித்தம் இரண்டு வருஷம் கொல்கத்தாவில் இருந்தேன். நகரின் கிழக்கே டாங்ரா என்றொரு பகுதி. அங்கே ஒரு சந்தில் சின்னக் கடை. மேஜை நாற்காலி கிடையாது, ஜன்னல் வழியாகப் பார்சல் மட்டும்தான். கல்லாவில் சீன முகம் கொண்ட பாட்டி, வாணலியில் மகன், பொட்டலம் கட்ட மருமகள். அறைக்கு வந்து பிரித்து ஒரு வாய் போட்டதும், "அட, இது நம்ம வண்டிச் சாப்பாடாச்சே!" என்றிருந்தது. உண்மையில் விஷயம் தலைகீழ். நம் வண்டிச் சாப்பாட்டுக்குப் பூர்வீகமே இந்த ஊர்ச் சீனர்களின் அடுப்படிதான்.

வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் யாங் தாய் சௌ என்ற சீனர் பட்ஜ் பட்ஜ் அருகே நிலம் பெற்று சர்க்கரை ஆலை வைத்தார். 'அச்சி' என்று அழைக்கப்பட்ட அவர் பெயராலேயே அந்த ஊர் அச்சிப்பூர் ஆயிற்று. சீனப் புத்தாண்டின்போது கொல்கத்தாச் சீனர்கள் அவர் சமாதிக்குப் போய்க் கும்பிட்டு வருவார்கள். அவருக்குப் பின் கான்டன் பக்கத்துத் தச்சர்கள் வந்தார்கள், ஹூபே பல் வைத்தியர்கள் வந்தார்கள். ஹக்கா மக்கள் செருப்புக் கடையும், டாங்ராவில் தோல் பட்டறையும் வைத்தார்கள். நம் ஆம்பூர், வாணியம்பாடி போல அந்த வாடையிலேயே ஒரு ஊர் வளர்ந்தது.

முதல் அடி 1962-இல் விழுந்தது. சீனாவுடன் போர் மூண்டதும், சுமார் மூவாயிரம் சீன வம்சாவளியினரைப் பிடித்து ராஜஸ்தானிலுள்ள தியோலி முகாமில் அடைத்தார்கள். விசாரணை கிடையாது. பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், குழந்தைகளும் உண்டு. சிலர் 1967 வரை உள்ளே இருந்தார்கள். வெளியே வந்தபோது பலருக்கு வீடுமில்லை, கடையுமில்லை. அதன்பின் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள்.

அடுத்தது 1996. தோல் பட்டறைகளை நகருக்கு வெளியே பான்தலாவுக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குரோமியக் கழிவு நீர் என்னவெல்லாம் செய்யும் என்று படித்தவன் நான். தீர்ப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாராலும் அங்கே இடம் வாங்கிப் போக முடியவில்லை. பட்டறை போனவர்களில் பலருக்கு அடுப்புதான் கை கொடுத்தது. நம் நாக்குக்கு ஏற்றபடி பச்சை மிளகாய், பூண்டு, சோயா சாஸ் என்று சமைத்தார்கள்.

மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையற்காரர் 1975-இல் பம்பாயில் கோழியை வைத்துச் செய்துபார்த்தது என்று சொல்கிறார்கள். நம் ஊருக்கு வந்ததும் கோழி போய் காலிஃபிளவர் வந்தது!

ஒருநாள் பாட்டியிடம், "நீங்க சீனாவிலிருந்து எப்போ வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். எல்லாம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில்தான்.

"நான் இங்கேயே பிறந்தவ. நீ இந்த ஊருக்கு எப்போ வந்தே?"

"ஆறு மாசம் ஆகுது ஆன்ட்டி."

"அப்ப நீதான் வெளியூர்க்காரன்" என்று சிரித்தார். பிறகு பில்லைக் கிழித்துக்கொண்டே, "அறுபத்திரண்டுல எங்க அப்பாவையும் இப்படித்தான் கேட்டாங்க. கூட்டிட்டுப் போனவங்க நாலு வருஷம் கழிச்சுத்தான் விட்டாங்க. சாஸ் இன்னொரு பாக்கெட் வேணுமா?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பேரன் டொரன்டோவில் இருக்கிறானாம். மகனுக்குப் பிறகு அந்த வாணலியைப் பிடிக்க ஆளில்லை.

அன்றிரவு பொட்டலத்தைப் பிரித்தபோது நம் வண்டி மாஸ்டர்தான் நினைவுக்கு வந்தார். நாலு வருஷம் அவர் கையால் சாப்பிட்டோம், கடன் சொல்லியும் சாப்பிட்டோம். "சீனாக்காரரே" என்று கூப்பிட்டோமே தவிர, அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், இந்தச் சந்திப்பில் என்னிடம் வந்து சொல்லுங்கள்.