தொட்டிலும் நிலமும்: கியூபெக் மாகாணத்தின் குடித்தொகை வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

கனடாவின் கியூபெக் மாகாணத்து வரலாறு பேசப்படும் இடங்களில் ஒரு வியப்புரை தவறாது இடம்பெறுவதுண்டு. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையினால் பிரித்தானிய முடியாட்சியின் கீழ் வந்த ஏறத்தாழ 70,000 பிரெஞ்சு மொழியாளர், பிரான்சிலிருந்து குறிப்பிடத்தக்க புதிய குடியேற்றம் எதுவுமின்றியே, 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6 இலட்சத்து 70 ஆயிரமளவினராகப் பெருகியிருந்தனர். இதனை விசுவாசத்தின் வெற்றியென்றும் தாய்மையின் தியாகமென்றும் கத்தோலிக்கத் திருச்சபையினர் போற்றினர். 1918இல் யேசுசபைத் துறவியொருவர் இதற்குத் ‘தொட்டில்களின் பழிவாங்கல்’ எனப் பெயரிட்டார். போர்க்களத்தில் இழந்ததைத் தொட்டிலில் மீட்டனராம். இத்தொடர் நிகழ்ச்சிக்குரிய விளக்கமாகவே நெடுங்காலம் வழங்கி வந்தது. ஆயின், அது விளக்கமன்று. தானே விளக்கப்பட வேண்டியதொரு கருத்தியல் என்பது எமது நிலைப்பாடு.

ஒவ்வோர் உற்பத்தி முறைக்கும் அதற்கேயுரிய குடித்தொகை விதி உண்டென மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதல் தொகுதியில் மல்தூசை மறுத்துரைத்தார். கியூபெக்கை இக்கூற்றின் ஒளியில் நோக்குவோம். 1666இல் அரச நிருவாகியான ழான் தலோன் நடத்திய கணக்கெடுப்பு 3,215 குடியேறிகளைப் பதிவு செய்தது. அம்மண்ணின் ஆதிக்குடிகள் அதில் சேர்க்கப்படவில்லை. எண்ணப்படாதோரின் நிலம் வெற்று நிலமாகக் கொள்ளப்படுவது குடியேற்றவாதத்தின் பழைய வழக்கம். 1663க்கும் 1673க்கும் இடையில் 800 வரையான இளம் பெண்கள் அரச செலவில் கப்பலேற்றப்பட்டனர். பத்துப் பிள்ளைகளுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு மன்னன் உதவிப்பணம் அறிவித்தான். ஆகவே, விசுவாசம் அசைத்ததாகச் சொல்லப்படும் தொட்டிலை முதலில் அசைத்தது அரச கருவூலமே.

அதனைத் தொடர்ந்து அசைத்தது நிலம். சென். லோறன்ஸ் ஆற்றங்கரை ஓரமாக ஒடுங்கிய நீள்துண்டுகளாக வகுக்கப்பட்ட காணிகளை, பிரபுவுக்கு வாரமும் திருச்சபைக்குத் தசமபாகமும் செலுத்திக் குடியானவன் பயிரிட்டான். கூலிக்கு ஆள் அமர்த்த வசதியற்ற அவனுக்குப் பிள்ளைகளே உழைப்பாளிகள். மூத்தவனுக்கும் இளையவனுக்கும் காடு வெட்டிப் புதிய காணி பெற வாய்ப்பிருந்த வரையில் பெருங்குடும்பம் சுமையன்று, மூலதனம். குடிகள் பெருகப் பெருக வாரமும் தசமபாகமும் பெருகின. 1774ஆம் ஆண்டுக் கியூபெக் சட்டம் இவ்விரு வருவாய்களுக்கும் பிரித்தானிய அரசின் காப்பை அளித்தது. வென்றவருக்கும் பிரபுவுக்கும் குருவுக்கும் இடையே உருவான இக்கூட்டினை மறந்துவிட்டுப் பெண்களின் பக்தியைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காணிகள் துண்டாடப்பட்டன, மண் வளமிழந்தது, 1830களில் கோதுமை பொய்த்தது. 1837-38இல் கிளர்ச்சி வெடித்தது. அதன்பின் வந்த டறம் பிரபு, தமது 1839ஆம் ஆண்டு அறிக்கையில், இம்மக்களை வரலாறும் இலக்கியமும் அற்றவரெனத் தீர்ப்பளித்தார். பிரான்சுவா சேவியே கார்னோ 1845இலிருந்து வெளியிட்ட கனடா வரலாறு அதற்கு விடையாக அமைந்தது. ஆனால் வரலாறு எழுதப்பட்ட அதே காலத்தில் அவ்வரலாற்றின் மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தனர். 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறத்தாழ 9 இலட்சம் பிரெஞ்சுக் கனடியர் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றனர். அவர்களுட் பெருந்தொகையினர் லோவெல், ஃபோல் ரிவர் போன்ற நியூ இங்கிலாந்து நகரங்களின் பருத்தி ஆலைகளில் கூலிகளாயினர். தொட்டில் பழிவாங்கியது யாரை? அது நிரப்பியது அமெரிக்க ஆலை முதலாளியின் சேமப் படையை. மக்களை வடக்குக் காடுகளில் குடியேற்றித் தடுத்துவிட முயன்ற லபெல் பாதிரியாரின் இயக்கமும் இவ்வோட்டத்தை நிறுத்தவில்லை.

இலக்கியம் இதனை எவ்வாறு பதிந்தது? பிரான்சில் பிறந்த லூயி எமோன் எழுதி 1914இல் தொடராக வெளிவந்த ‘மரியா சப்தலேன்’ நாவலில், அமெரிக்க நகர வாழ்வைக் காட்டி அழைக்கும் லொறேன்ஸோவை மறுத்து, அயலிலுள்ள காடுவெட்டியை நாயகி தெரிவு செய்கிறாள். திருச்சபை விரும்பிய முடிவு இது. ஆனால் 1938இல் ரேங்கே எழுதிய ‘முப்பது ஆர்ப்பான்’ (ஆர்ப்பான் பழைய நில அளவை) வேறு கதை சொல்கிறது. நிலத்தையே தெய்வமாகக் கருதிய மொய்சான் நிலமிழந்து, அமெரிக்க நகரொன்றில் வாகனத் தரிப்பிடக் காவலாளியாக, தன் மொழி பேசாத பேரப்பிள்ளைகளிடையே முடிகிறான். முன்னதன் கவித்துவம் சிறந்ததாயினும், புள்ளிவிபரம் பின்னதன் பக்கமே நிற்கிறது. கப்ரியேல் றுவா 1945இல் வெளியிட்ட ‘பொனூர் டொக்கஸியோன்’ மொன்றியல் நகரின் சேன்-ஆன்றி குடியிருப்பைக் களமாகக் கொண்டது. அங்கு மீண்டும் மீண்டும் கருவுறும் றோஸ்-ஆன்னாவுக்கு ஒவ்வொரு பிள்ளையும் வாடகையும் பசியுமாகவே வருகிறது. வேலையற்ற கணவன் படையிற் சேர்வதே குடும்பத்தின் வருவாய் வழியாகிறது. கிராமத்துத் தொட்டில் நகரத்துக்குப் பெயர்ந்ததும் பொருள் மாறிவிட்டதை இந்நாவல் எந்தக் குடித்தொகை ஆய்வாளரையும்விடத் தெளிவாகக் காட்டியது.

1961ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த இருமொழி ஆணைக்குழு, தமது சொந்த மாகாணத்திலேயே பிரெஞ்சு மரபினர் வருமான வரிசையில் ஏறக்குறைய அடிமட்டத்தில் நின்றதைக் கண்டது. அதே தசாப்தத்தில் பிறப்பு சரிந்தது. 1950களின் இறுதியில் பெண்ணொருத்திக்கு நான்களவில் நின்ற பிள்ளைகளின் சராசரி, 1970களின் தொடக்கத்தில் ஈடுசெய் மட்டமான 2.1க்குக் கீழிறங்கி, 1987இல் 1.4க்கும் சற்றுக் குறைந்தது. 1943இல் வந்த கட்டாயக் கல்வி, நகரக் கூலி வாழ்வு, பெண்களின் தொழிற் பிரவேசம் ஆகியன பிள்ளையை உழைப்பாளி என்ற நிலையிலிருந்து செலவுக்குரியவராக மாற்றியிருந்தன.

தொட்டில் ஓய்ந்ததும் மொழிப் போராட்டம் பள்ளிக்கூடத்துக்கு நகர்ந்தது. குடிவரவாளரின் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளியை நாடியமை 1960களின் இறுதியில் மொன்றியலின் சேன்-லியோனார் பகுதியில் மோதலாயிற்று. 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டம் அவர்களைப் பிரெஞ்சுப் பள்ளிக்குத் திருப்பியது. 1983க்குப் பின் மொன்றியலை அடைந்த எம்மவரின் பிள்ளைகள் பிரெஞ்சு பேசுவதும் இச்சட்டத்தின் விளைவே. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாகாணத்தின் குடித்தொகை 85 இலட்சம். வீட்டில் முதன்மையாகப் பிரெஞ்சு பேசுவோர் 2016இல் 79 சதவீதமாயிருந்து 77.5 சதவீதமாயினர். இவ்விறக்கம் குறித்து எழும் அச்சத்தை நாம் எள்ளவில்லை. சிறிய மொழியினத்தின் அச்சம் எமக்கு அந்நியமானதுமன்று. எனினும், 2024இல் 5 இலட்சத்தைத் தாண்டிய தற்காலிக வதிவோர் வீட்டில் எம்மொழி பேசுகின்றனர் என்று கேட்பவர்கள், அவர்கள் எவ்வாறு உழைக்கின்றனர் என்று கேட்பது அரிது. அவர்களுட் பலர் ஒரே முதலாளியோடு பிணைக்கும் அனுமதிப் பத்திரத்தில் வந்தவர்கள். குவாத்தமாலாவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் பருவந்தோறும் பண்ணைகளுக்கு வருவோர், மனைவி மக்களை ஊரில் விட்டே வருகின்றனர். அவர்களை வளர்த்தெடுத்த செலவையும் அவர்களது பிள்ளைகளை வளர்க்கும் செலவையும் அந்தத் தொலைவூர்களே ஏற்கின்றன. கியூபெக்கின் பண்ணை முதலாளி அறுவடைக் காலக் கூலியை மட்டும் கொடுக்கிறான்.