பொறியும் எரிபொருளும்: சக்கரமின்றி இறங்கும் விமானத்தில் தீ பற்றிய புரிதல் வளர்ந்த வரலாறு

2011 நவம்பர் 1 அன்று வார்சா விமான நிலையத்தில் போலந்தின் லாட் நிறுவனத்தின் போயிங் 767 விமானம் சக்கரம் இறங்காமலேயே ஓடுபாதையில் வயிற்றால் சறுக்கி நின்றது. நியூவார்க்கிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்திலேயே ஹைட்ராலிக் திரவம் கசிந்துவிட்டது. சக்கரத்தை இறக்குவதற்கான மாற்று மின்சுற்றும் இயங்கவில்லை. கேப்டன் ததேயுஷ் விரோனா விமானத்தைப் பதமாக இறக்கினார். எஞ்சின்களின் அடிப்பாகம் உரசிய வழியெல்லாம் பொறி பறந்தது, சிறு தீயும் தெரிந்தது. உள்ளே இருந்த 231 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

அவ்வளவு பொறி பறந்தும் விமானம் ஏன் பற்றி எரியவில்லை என்பதற்கு விடை தரும் ஆய்வுகள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன. பொறியைத் தடுத்தால் தீயைத் தடுத்துவிடலாம் என்ற எண்ணம் விலகி, எரிபொருள் சிந்தாமல் காப்பதே முதல் வேலை என்ற தெளிவு வந்த பாதையை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

நாசாவுக்கு முன்னோடியான தேசிய வானூர்தி ஆலோசனைக் குழுவின் கிளீவ்லாந்து ஆய்வகம் 1949இல் ஒரு துணிச்சலான வேலையில் இறங்கியது. போருக்குப் பின் மிஞ்சிய சரக்கு விமானங்களை ஆளில்லாமல் ஓடவிட்டு, தடுப்பில் மோதச்செய்து, அதிவேகக் கேமராக்களில் படம்பிடித்தார்கள். இர்விங் பிங்கல் குழுவினர் அந்தப் படங்களில் கண்டது முக்கியமானது. இறக்கை கிழிந்ததும் எரிபொருள் வெறுமனே ஒழுகுவதில்லை. விமானம் சட்டென்று வேகமிழக்கும்போது அது முன்னோக்கிப் பீறிட்டு, எதிர்க்காற்றில் சிதறி, விமானத்தைச் சுற்றி நுண்துளி மூட்டமாகப் பரவுகிறது. சூடான வெளியேற்றுக் குழாய், அறுந்த மின்கம்பி, உரசல் பொறி என எது கிடைத்தாலும் அந்த மூட்டம் பற்றிக்கொள்ளும். எஞ்சின் நின்ற பிறகும் சூடு தணியாத உலோகத்தின் மேல் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாட்டைக்கூட அவர்கள் செய்துபார்த்தார்கள்.

உரசல் பொறியை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்த அறிக்கை 1957இல் வந்தது. பட்டறையில் இரும்பைச் சாணைக்கல்லில் வைத்தால் பொறி கொட்டும், அலுமினியத்தை வைத்தால் கொட்டாது. ஓடுபாதையிலும் அப்படித்தான். அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதன் மேல் படியும் ஆக்சைடு தோல் துகளை எரியவிடாது. சோதனைகளில் அலுமினியத் துகள்கள் எரிபொருளைப் பற்றவைக்கவில்லை. டைட்டானியம், மெக்னீசியம், எஃகு ஆகியவை பற்றவைத்தன. அவற்றுள் டைட்டானியத்துக்கு மிகக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. தேய்ந்து தெறிக்கும் டைட்டானியத் துகள் காற்றில் தானே எரிவதால்தான் அதன் பொறி வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கிறது.

இவ்வளவு தெரிந்த பின்னும் நடைமுறை பொறியையே துரத்திக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1966இல், அவசரத் தரையிறக்கத்துக்கு முன் ஓடுபாதையில் நுரை பரப்பும்படி பரிந்துரைத்தது. ஆனால் நுரை பரப்ப நேரம் பிடிக்கும். விமானம் வட்டமடிக்கும் வேளையில் அது வடிந்து அடங்கிவிடும். பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று விமானியால் கணிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையிலேயே தீப்பிடிக்கும்போது தீயணைப்பு வண்டியில் நுரை மிஞ்சாது. 1987இல் அந்தப் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. 2002இல், சில சூழல்கள் தவிர மற்றபடி வேண்டாம் என்றே சுற்றறிக்கை வந்தது. 2011இலும் வார்சாவில் நுரை பரப்பினார்கள் என்பது அந்தப் பழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்பதற்குச் சான்று.

எரிபொருளையே மாற்றும் முயற்சியும் நடந்தது. ஜெட் ஏ எரிபொருளின் ஆவி பற்றிக்கொள்ளக் குறைந்தது 38 டிகிரி வெப்பம் வேண்டும். பெட்ரோலைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது. ஆனால் நுண்துளியாகச் சிதறிவிட்டால் இந்தப் பாதுகாப்பு செல்லாது. மூட்டம் உருவாகாமல் தடுக்கும் பாலிமர் ஒன்றை எரிபொருளில் கலந்து, 1984 டிசம்பர் 1 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் ஆளில்லாத போயிங் 720 ஒன்றைத் தரையில் மோதவிட்டார்கள். விமானம் சாய்ந்து இறங்கியது. இறக்கையைக் கிழிக்க நட்டிருந்த இரும்புக் கத்தி எஞ்சினையே பிளந்தது. எழுந்த தீக்கோளத்தை முழுதும் அணைக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. திட்டமிட்டபடி நடக்காத ஒரே மோதலை வைத்து அந்தக் கருத்தை மூடிவிட்டது இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

எஞ்சியது எளிய வழி, எரிபொருளைக் குறைத்துக்கொண்டு இறங்குவது. ஏ320, போயிங் 737 விமானங்களில் எரிபொருளை வானில் கொட்ட வசதியில்லை. பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும். 2005 செப்டம்பர் 21 அன்று ஜெட்புளூவின் ஏ320 ஒன்று, மூக்குச் சக்கரம் குறுக்காகத் திரும்பிய நிலையில், ஏறத்தாழ மூன்று மணி நேரம் வட்டமிட்டபின் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கியது. டயர் கிழிந்து, விளிம்பு தரையில் தேய, தீ கிளம்பியது. ஆனால் எரிந்தது ரப்பர்; எரிபொருள் தொட்டி முழுசாக இருந்தது. 146 பேரும் பிழைத்தார்கள். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சி வானில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றிச்சுற்றி வந்ததும் எரிபொருளைத் தீர்க்கத்தான்.

அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜெஜு ஏர் நிறுவனத்தின் 737 சக்கரமின்றி இறங்கியது. பொறி பறக்க ஓடுபாதையில் சறுக்கியபோது அது வெடித்து எரியவில்லை. ஓடுபாதைக்கு அப்பால், இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் ஆன்டெனாவைத் தாங்கிய கான்கிரீட் மேட்டில் மோதிச் சிதறிய பிறகே தீப்பிழம்பு எழுந்தது. 181 பேரில் 179 பேர் மாண்டார்கள். ஓடுபாதையை ஒட்டிய பாதுகாப்புப் பரப்பில் நிற்கும் சாதனங்கள் இடித்ததும் உடையும்படி இருக்க வேண்டும் என்று சர்வதேச விதி முன்பே கூறுகிறது. தன் விமான நிலையங்களில் இத்தகைய கான்கிரீட் தாங்கிகளை மாற்றப்போவதாகத் தென்கொரிய அரசு 2025 ஜனவரியில்தான் அறிவித்தது.