ஜூபார் மலையில் ஒரு மாதம்: மேஜர் சரவணன்

இன்னைக்கு கார்கில். முழுப் போரையும் சொல்லப் போறதில்லை. ஒரு மலை, ஒரு இரவு, அதுக்கப்புறம் ஒரு குடும்பம் காத்திருந்த ஒரு மாசம். அவ்வளவுதான்.

முதல்ல அந்த உயரம் புரியணும். எங்க சிலமலையில நின்னு அண்ணாந்து பார்த்தா ஏலத்தோட்டங்களுக்குப் போற மலை தெரியும். மேல போடிமெட்டு, சுமார் 4,500 அடி. அங்க நின்னா கீழே இருக்கிற ஊரெல்லாம் உள்ளங்கையில வெச்ச மாதிரி இருக்கும். இப்போ அந்த உயரத்தை மூணு மடங்காக்குங்க. மரத்தை எல்லாம் எடுத்துடுங்க, வெறும் பாறையும் பனியும்தான். கடல் மட்டத்துல கிடைக்கிற ஆக்சிஜன்ல கிட்டத்தட்ட 60 சதவீதம்தான் அங்க கிடைக்கும். உச்சியில மெஷின்கன்னோட ஆட்கள் இருக்காங்க. நீங்க கீழே இருந்து ஏறணும். லடாக்குல, பட்டாலிக் பகுதியில இருக்கிற ஜூபார் மலை இப்படித்தான் இருந்தது.

ஏறினவர் மாரியப்பன் சரவணன். 1972 ஆகஸ்ட் 10-ல் ராமேஸ்வரத்துல பிறந்து திருச்சியில வளர்ந்தவர். அப்பா லெப்டினன்ட் கர்னல் ஆதி மாரியப்பன், ராணுவ மருத்துவர். 1989-ல் ஒரு விபத்துல இறந்துட்டார். அப்போ சரவணன் இன்னும் ஸ்கூல் வயசைத் தாண்டலை. அப்பாவை அப்படி இழந்த வீட்டுல, பையன் அதே யூனிஃபார்ம்தான் வேணும்னு போறான். அம்மாவுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பார்க்கிறேன். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில பட்டம், சென்னையில ராணுவப் பயிற்சி, 1995-ல் பீகார் ரெஜிமென்ட்டில் அதிகாரி.

1999 மே மாசம் மலை உச்சிகள்ல யாரோ இருக்காங்கன்னு ஆடு மேய்க்கிறவங்க மூலமா தகவல் வருது. எத்தனை பேர், என்ன ஆயுதம், எதுவும் தெரியலை. ஏதோ தீவிரவாதிகள், சீக்கிரம் விரட்டிடலாம்னு ஒரு கணக்கு. உண்மையில அங்க பதுங்கு குழி போட்டு உட்கார்ந்திருந்தது பாகிஸ்தானோட நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி, அதாவது அப்போ துணை ராணுவமா இருந்த படை. இந்தத் தப்புக் கணக்கோட விலையை முதல்ல கொடுத்தது மே மாசத்துல ஏறினவங்கதான்.

மே 28 ராத்திரி சரவணனோட அணி ஏற ஆரம்பிச்சது. விடியறதுக்கு முன்னாடியே சண்டை. ராக்கெட் லாஞ்சரால எதிரியோட ஒரு நிலையைத் தாக்கினார். காயம் பட்டது. திரும்பி வரச் சொல்லி வயர்லெஸ்ல உத்தரவு வந்தும் முன்னேறினார். 29-ஆம் தேதி காலையில தலையில குண்டு. 26 வயசு. என்னைவிடச் சின்னவர்.

உடல் அங்கேயே கிடந்தது. எடுக்கப் போனவங்க மேலயும் மேலே இருந்து சுட்டாங்க. முந்தைய போர்கள்ல இறந்தவங்களுக்கு பெரும்பாலும் போர்முனையிலேயே இறுதிச்சடங்கு முடிஞ்சிடும். கார்கில்லதான் உடலை சொந்த ஊருக்கே அனுப்புற வழக்கம் பெருசா வந்தது. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு ஊருக்குப் பெட்டி போறதை நாடே டிவியில பார்த்தது. திருச்சி வீட்டுக்கு மட்டும் வரலை. பையன் இறந்துட்டான்னு தெரியும், ஆனா கொள்ளி வைக்க முடியாது. ஜூலை தொடக்கத்துலதான் உடல் மீட்கப்பட்டது. அதே பீகார் ரெஜிமென்ட் அந்த மாசமே ஜூபாரைப் பிடிச்சது. சரவணனுக்கு வீர் சக்ரா கொடுத்தாங்க.

போர்ல இந்தியத் தரப்புல இறந்தவங்க 527 பேர். இவ்வளவு பேர் ஊடுருவினது எப்படித் தெரியாமப் போச்சுன்னு விசாரிக்க 1999 ஜூலை 29-ல் அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர் கே. சுப்ரமணியம். அவரும் திருச்சியில பிறந்தவர்தான். உளவுத் தகவல் சேகரிப்புல பெரிய ஓட்டைகள் இருந்ததுன்னு அறிக்கை சொல்லுது. 2000-ல் அது நாடாளுமன்றத்துக்கு வந்தப்போ, பாதுகாப்புக் காரணம்னு சில பகுதிகளை எடுத்துட்டுத்தான் வெளியிட்டாங்க.