ஏழு மணி நேரம்



சென்ற வெள்ளிக்கிழமைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, குளச்சலைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், "சுனாமியெல்லாம் இந்தப் பக்கம் வருமா ஃபாதர்?" என்று கேட்டார். "வந்திருக்கிறது, நீங்கள் வேலை செய்கிற துறைமுகத்திற்கே வந்திருக்கிறது" என்றேன். அவர் நம்பவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடிக்கக்கூடிய வரலாறு அன்று அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடி நிலம் பிளந்தது. சில மணி நேரத்தில் நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் சிலர் அந்தக் கல்லறைத் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் மெழுகுதிரி ஏற்றச் செல்கிறவர்கள். ஆனால் அந்த அலை அத்துடன் நிற்கவில்லை. அரபிக்கடலையும் கடந்து, நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ 7 மணி நேரத்திற்குப் பின் சலாலாத் துறைமுகத்திற்குள் நுழைந்தது. 285 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல் ஒன்று கட்டியிருந்த வடங்களையெல்லாம் அறுத்துக்கொண்டு, துறைமுகத்தின் உள்ளும் புறமுமாகப் பல மணி நேரம் சுழன்று, இறுதியில் மணல்திட்டில் தட்டி நின்றது.

அதே நண்பகல் வேளையில் சோமாலியாவின் கரையில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதற்குத் தெற்கே உள்ள கென்யாவில் ஆசியச் செய்திகளைக் கேட்ட அதிகாரிகள் கடற்கரைகளிலிருந்து மக்களை வெளியேற்றினர். அங்கே இறந்தவர் ஒருவர். இரு நாட்டுக் கரைகளுக்கும் நேரம் இருந்தது. செய்தி ஒரு கரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் அந்த நிலநடுக்கத்தைச் சில நிமிடங்களிலேயே கண்டுகொண்டது. பசிபிக் நாடுகள் 1960ஆம் ஆண்டின் சிலி நாட்டுப் பேரலைக்குப் பிறகு தங்களுக்குள் ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டிருந்தன. இந்தியப் பெருங்கடலிலோ, கூப்பிட்டுச் சொல்வதற்கு ஓர் அலுவலகம்கூட இல்லை. கருவி இருந்தது, கேட்பதற்குக் காது இல்லை.

அன்று புதுச்சேரிக் கடற்கரையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வெளிநாட்டில் வாழும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்றொரு மீனவர் ஊர். அவ்வூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றிருந்த இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டுக்குள் கடல்நீர் வருகிறது என்று தங்கை சொன்னதும், உடனே ஊரைக் கூட்டிக்கொண்டு ஓடச் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. மீனவர்களுக்கு நாள்தோறும் கடல்நிலையைச் சொல்வதற்கென வைத்தது. அதன் கதவை உடைத்து உள்ளே புகுந்து அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஏறத்தாழ 3,600 பேர் கொண்ட அந்த ஊரில் ஓர் உயிரும் போகவில்லை. உங்களைப் போல் ஊரை விட்டு வந்தவர் ஒருவருடைய தொலைபேசி அழைப்பு அது!

2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. ஆழ்கடலின் தரையில் வைக்கப்பட்ட கருவி, தன் மேலுள்ள நீரின் எடை மாறுவதை உணர்ந்து மிதவைக்கு ஒலியாய் அனுப்ப, மிதவை அதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. வியப்பான ஏற்பாடு. ஆயினும் பத்து ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கி வந்தது.

இங்கே என் எழுத்து தடுமாறுகிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஆகிய ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் பல நாள் தங்கலுக்குச் சென்றிருந்தன. குமரிமுனைக்கு அருகே காற்றழுத்தம் சில மணி நேரத்தில் புயலாக வலுப்பெற்றது. புயல் என்ற அறிவிப்பு வந்தபோது அவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். படகிலிருந்த ஒயர்லெஸ் அவ்வளவு தொலைவு எட்டாது. குமரியிலும் கேரளத்திலுமாக 200க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. "கடவுளின் சித்தம்" என்று சிலர் ஆறுதல் கூறினார்கள். நானும் ஒரு வீட்டில் அப்படிச் சொன்னேன். அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு அந்தச் சொல்லை அந்த இடத்தில் பயன்படுத்துவதில்லை.

ஆறு மாதம் கழித்து மெக்குனு. புனித சவேரியார் 1542இல் கோவா வரும் வழியில் இறங்கிய சொகோத்ரா தீவை முதலில் சிதைத்துவிட்டு, 2018 மே 25, வெள்ளிக்கிழமை, ராய்சூத் அருகே கரையேறியது. ஆண்டு முழுவதும் சலாலா காணும் மழையைப் போலப் பல மடங்கு சில நாட்களில் கொட்டியது. 1977இல் மசீராவைத் தாக்கிய புயலில் 100க்கும் மேற்பட்டோர் இறந்த நாடு இது. 2007இல் கோனுவைக் கண்ட நாடு. 2015இல் பல்வகைப் பேரிடர் எச்சரிக்கை மையத்தைத் திறந்திருந்தது. இம்முறை நாட்கணக்கில் முன்னரே அறிவித்தார்கள். விமான நிலையத்தை மூடினார்கள், மருத்துவமனை நோயாளிகளை வானூர்தியில் மஸ்கட் கொண்டு சென்றார்கள், ஹல்லானியாத் தீவு மக்களைக் கரைக்கு அழைத்து வந்தார்கள். ஓமானில் இறந்தோர் தொகை ஒற்றை இலக்கத்தில் நின்றது. பின்னர் வாதி அதோனிபில் வெள்ளத் தடுப்பு அணையும் எழுந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே மெக்குனுவின் மழை ருப் அல் காலிப் பாலைவனத்தில் ஏரிகளாய்த் தேங்கி, பசுமை தழைத்து, வெட்டுக்கிளிகள் தலைமுறை தலைமுறையாய்ப் பெருகின. ஆளில்லாப் பாலையில் கண்காணிப்பார் எவருமில்லை. அப்பால் ஏமனில் போர். 2020இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் வயல்களை அழித்தது அந்தப் பெருக்கமே. புயலைப் பார்த்திருந்த கண்கள் அதன் ஈரத்தைப் பார்க்கவில்லை.

அரபிக்கடல் சூடேறி வருகிறது, கடும் புயல்கள் கூடி வருகின்றன என்று வானிலையாளர் கூறுகின்றனர். ஒக்கிக்குப் பின் 2019இல் இந்திய அரசு 'ஜெமினி' என்ற சிறு கருவியை அறிமுகப்படுத்தியது. கரையிலிருந்து எவ்வளவு தொலைவிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வந்து சேரும். ஆனால் அது ஒருவழிக் கருவி. படகிலிருந்து பதில் சொல்ல இயலாது. இருவழிச் செய்திக்கான கருவிகள் அதன் பின்னரே படகுகளுக்கு வரத் தொடங்கின.

கடலோர ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது, அப்பாவின் அல்லது அண்ணனின் படகில் எந்தக் கருவி இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று கேளுங்கள். படகின் பெயரையும் கேளுங்கள். அடுத்த வெள்ளி திருப்பலிக்குப் பின் நான் குறிப்பேட்டுடன் வாசலில் நிற்பேன்.