வகுப்பறையில் கட்டணமில்லா இணையக் கருவிகள்: நிலைப்பு என்னும் அளவுகோல்

வகுப்பறைக்கு உதவும் இணையக் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் பட்டியல்களாகவே நின்றுவிடுகின்றன. எந்தத் தளம் கட்டணம் கேட்பதில்லை, எதில் வினாடி வினா அமைக்கலாம், எதில் காணொளி கிடைக்கும் என்பதற்கு அப்பால் அவை செல்வதில்லை. கட்டணம் இல்லை என்பது ஒரு கருவியின் இன்றைய விலையை மட்டுமே தெரிவிக்கும். அதை நடத்துவதற்கான செலவு எங்கிருந்து வருகிறது, நடத்துபவர் கைவிட்டால் ஆசிரியர் அதில் உருவாக்கி வைத்த பாடங்கள் என்னவாகும் என்பவை அதிலிருந்து தெரியவருவதில்லை. ஒரு கருவியைப் பாடத்திட்டத்தோடு பிணைக்கும்போது முதலில் எழ வேண்டியவை இக்கேள்விகளே என்பதும், பள்ளி தன் கையில் ஒரு படியை வைத்துக்கொள்ள இடம்தரும் கருவிகளுக்கே அங்கு முன்னுரிமை வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்தின் தேவையை எட்மோடோ என்னும் தளத்தின் வரலாறு தெளிவாக்குகிறது. வகுப்புக் குழு, வீட்டுப்பாடம், தேர்வு, உரையாடல் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் இணைத்து, ஆசிரியர்களுக்குக் கட்டணமின்றி வழங்கிய அத்தளம் 2008இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டுப் பல நாடுகளில் பரவியது. 2018இல் சீனாவின் நெட்டிராகன் நிறுவனம் அதை வாங்கியது. 2022 செப்டம்பர் 22 அன்று அது மூடப்பட்டது. கூகுளின் ஜாம்போர்டு என்னும் மின் வெண்பலகையும் 2024ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. வருவாய் தராத ஒரு சேவையை நிறுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் அந்தச் சேவையின் மீது பல ஆண்டுப் பாடத் தயாரிப்பை எழுப்பிய ஆசிரியருக்கு அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லை.

நிறுவனம் நீடித்தாலும் தொழில்நுட்பம் மறையலாம் என்பது இரண்டாவது இடர். ஃபிளாஷ் என்பது உலாவிக்குள் அசைபடங்களை இயக்கிய துணைமென்பொருள். 2000களில் எழுந்த கல்வித் தளங்களில் பெரும்பகுதி அதையே நம்பியிருந்தது. அதற்கான ஆதரவு 2020ஆம் ஆண்டோடு முடியும் என்று அடோபி நிறுவனம் 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் 2018 முதல் வெளிவந்தபோது, பாடத்தின் இறுதியில் இணையச் செயல்பாடு என்னும் பகுதி இடம்பெற்று, தள முகவரியும் விரைவுக் குறியீடும் படிப்படியான வழிமுறையும் அச்சிடப்பட்டன. தேவைப்பட்டால் ஃபிளாஷ் இயக்கியை அனுமதிக்க வேண்டும் என்னும் குறிப்பும் அவற்றுள் சில பக்கங்களின் அடியில் காணப்பட்டது. முடிவுநாள் முன்பே குறிக்கப்பட்ட ஒரு மென்பொருள், பல ஆண்டுகள் புழங்கப்போகும் அச்சு நூலுக்குள் இவ்வாறு இடம்பெற்றது. இணையச் செயல்பாட்டைப் பாடநூலில் சேர்த்தது பாராட்டத்தக்க முயற்சி என்பதாலேயே இக்குறை கூடுதல் கவலை தருகிறது.

இதற்கு மாறான நடைமுறையை ஃபெட் திட்டத்தில் காணலாம். இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001இல் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இத்திட்டம் அறிவியல், கணிதப் பாவனையாக்கங்களை வெளியிடுகிறது. பாவனையாக்கம் என்பது ஓர் இயற்கை நிகழ்வின் காரணிகளை மாணவரே மாற்றி, விளைவை உடனுக்குடன் பார்க்கும்படி திரையில் அமைக்கப்படும் மாதிரி. மின்சுற்றுப் பாவனையாக்கத்தில் மாணவர் மின்கலத்தையும் விளக்கையும் கம்பியால் இணைக்கும்போது, உண்மையான ஆய்வகத்தில் கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரான்கள் கம்பிக்குள் நகர்வது தெரிகிறது. மின்தடையைக் கூட்டினால் அவற்றின் ஓட்டம் தளர்வதும் விளக்கு மங்குவதும் ஒரே பார்வையில் புலப்படுகின்றன. இதைக் கொண்டு பயின்ற கல்லூரி மாணவர்கள், உண்மையான கருவிகளைக் கொண்டே பயின்றவர்களைவிடக் கருத்துப் புரிதலில் மட்டுமன்றி, பின்னர் உண்மையான சுற்றை அமைத்து விளக்குவதிலும் முன்னின்றனர் என்று 2005இல் வெளிவந்த ஃபிங்கல்ஸ்டைன் குழுவின் ஆய்வு காட்டியது. ஆய்வகப் பொருள்கள் பற்றாக்குறையான பள்ளிகளுக்கு இம்முடிவின் பெறுமதி அதிகம்.

ஃபெட்டின் பழைய பாவனையாக்கங்களும் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதப்பட்டவையே. அவை எச்டிஎம்எல் 5 என்னும் பொதுத் தரத்துக்குப் படிப்படியாக மாற்றி எழுதப்பட்டன. இப்போது ஒரு பாவனையாக்கத்தைப் படங்களும் நிரலும் உள்ளடங்கிய ஒரே கோப்பாகத் தரவிறக்கி, பென்டிரைவில் எடுத்துச் சென்று, இணைய இணைப்பு இல்லாத கணினியின் உலாவியில் திறக்கலாம். நிறுவவோ பெயர் பதியவோ வேண்டியதில்லை. கணிதத்துக்கான ஜியோஜீப்ராவும் இத்தகையதே. சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தம் முதுகலை ஆய்வாகத் தொடங்கிய அம்மென்பொருளை 2021இல் பைஜூஸ் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனமோ 2024இல் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளானது. ஆயினும் ஆசிரியர் கணினியில் சேமித்த ஜியோஜீப்ராக் கோப்பு அழிவதில்லை. அது சுருக்கிக் கட்டப்பட்ட ஒரு பொதியே. பிரித்தால் புள்ளி, கோடு, வட்டம் ஆகியவற்றின் வரையறைகள் படிக்கத்தக்க எழுத்து வடிவில் உள்ளே இருக்கும்.

எவரும் பார்த்துத் திருத்தத்தக்க திறந்த மூல நிரல் கொண்ட கருவிகளும் பராமரிப்பாரின்றி அழிகின்றன என்று இங்கு மறுப்புரைக்கலாம். அது உண்மையே, ஃபெட்டின் மாற்றப் பணிக்கும் பல ஆண்டுகளும் நன்கொடைகளும் தேவைப்பட்டன. எனினும், நிரல் திறந்திருந்தால் வேறொருவர் அதை எடுத்துச் செப்பனிடும் உரிமையாவது எஞ்சுகிறது. மூடிய தளத்தில் அந்த வாய்ப்பும் இல்லை. பெயர்ப் பதிவு வேண்டாத கோப்பு மாணவரின் தரவைத் திரட்டுவதில்லை என்பதும் சிறு நன்மையன்று. 49 நாடுகளில் பெருந்தொற்றுக் காலத்தில் பயன்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்த மனித உரிமைக் கண்காணிப்பகம், அவற்றில் மிகப் பெரும்பாலானவை குழந்தைகளின் உரிமைகளை மீறும் அல்லது இடருக்குள்ளாக்கும் வகையில் தரவைக் கையாண்டதாக 2022இல் அறிவித்தது.

ஓர் அரசால் இத்தகைய தேர்வைச் செய்ய முடியும் என்பதற்குக் கேரளம் சான்று. அங்கு 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்ற திட்டம், கட்டற்ற மென்பொருள்களால் ஆன இயக்குதளத்தைப் பள்ளிகளுக்கென்றே தொகுத்து, ஜியோஜீப்ராவையும் ஃபெட்டையும் அதற்குள்ளேயே சேர்த்து வழங்குகிறது. ஆசிரியர் தளத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. கருவி ஆய்வகக் கணினியிலேயே இருக்கிறது.

தமிழுக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஃபெட்டின் சொற்றொடர்களைத் தன்னார்வலர்களே மொழிபெயர்க்கலாம். அவ்வாறு உருவான தமிழ் வடிவங்கள் தரவிறக்கும் கோப்போடு சேர்ந்தே வருகின்றன. கலைச்சொல் தேர்ந்து, வினாத்தாள் அமைத்து, விளக்கம் எழுதும் தமிழாசிரியரின் உழைப்பு ஆங்கிலத்தில் நிகழும் அதே பணியைவிட அரிதாகக் கிடைப்பது. மூடிய தளமொன்றில் அது அழிந்தால் மறுமுறை செய்ய ஆள் கிடைப்பது எளிதன்று. எனவே ஓர் இணைய முகவரியைப் பாடநூலில் அச்சிடும் நிறுவனம், அச்சுக்கு அனுப்பும் முன்பே அக்கருவியின் உரிமத்தைச் சரிபார்த்து, அனுமதி உள்ளவற்றின் படியைத் தன் வழங்கியில் ஏற்றி, விரைவுக் குறியீட்டை அந்தப் படிக்கே இட்டுச் செல்லுமாறு அமைப்பது அதன் பதிப்புப் பணியின் பகுதியாக வேண்டும்.