வீட்டிற்குள் வந்த இசை



தரங்கம்பாடி என்னும் எங்கள் ஊர்ப்பெயருக்கு 'அலைகள் பாடும் இடம்' என்று பொருள் சொல்வது வழக்கம். ஊரின் மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டோ சடங்கன்பாடி என்னும் வேறொரு பெயரைத் தருகிறது. கல்வெட்டுத்தான் வரலாற்றுச் சான்று. ஆயினும் அலைகள் பாடும் ஊர் என்பதை விட்டுவிட எனக்கு மனம் இல்லை. ஏனெனில், இங்கே பிறந்து வளர்ந்த நான் இசை என்று ஒன்றைச் செவிமடுக்கக் கற்றது அலைகளின் வழியாகத்தான். அவை கடலலைகள் அல்ல, வானொலி அலைகள்.

இசை நம் வீட்டிற்குள் வந்த வரலாற்றைச் சொல்ல எண்ணுகிறேன். அதற்குமுன் வீடுகள் ஊமையாக இருந்தன என்று கருதிவிடாதீர்கள். தொட்டிலருகே தாலாட்டும், சாவு வீட்டில் ஒப்பாரியும், வயலில் நடவுப் பாட்டும், ஏற்றத்தின்மேல் ஏற்றப் பாட்டும் காவிரிக் கரையில் நாள்தோறும் எழுந்தவை. ஆனால் அவை நாமே பாடியவை. பிறர் பாட நாம் கேட்கும் இசை வேறு. அதற்குக் கோயிலுக்குப் போகவேண்டும். அல்லது கலியாணப் பந்தலுக்குப் போகவேண்டும். வித்துவானை வீட்டிற்கே வரவழைக்கும் வசதி மிராசுதார் சிலருக்கே உண்டு. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வாசிப்பார் என்பதும், வீணையின் மெல்லொலி கேட்கவேண்டி வந்தவர்கள் மூச்சையும் அடக்கி அமர்ந்திருப்பார்கள் என்பதும் இசையுலகம் அறிந்த செய்தி. அத்தகைய பேறு எத்தனை பேருக்குக் கிட்டும்?

எடிசன் 1877ஆம் ஆண்டு பேசும் பொறியைக் கண்டார். பத்தாண்டுகள் கழித்து எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டைக் கொணர்ந்தார். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவுசெய்தார். 1908இல் அந்நகரிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை தோன்றிற்று. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும், அவ்வளவே. கோயில் வீதியுலாவில் மணிக்கணக்கில் விரியும் இராக ஆலாபனை மூன்று நிமிடத்துக்குள் சுருங்கவேண்டியதாயிற்று. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அப்படித் தட்டில் அடங்கி வந்ததுதான். கடலைக் குடத்தில் முகந்ததுபோல் என்று குறை சொல்லலாம். குடத்தளவாவது கிடைத்ததே என்றும் சொல்லலாம். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயதும் நிரம்பாமல் மறைந்தார். அவர் நாடகத்தைக் கண்ணாற் காணாத மூன்று தலைமுறை அவர் குரலை அறியும். இசைத்தட்டுக்கு முன்னர் எந்தப் பாடகருக்கும் இப்படி ஒரு வாழ்வு வாய்த்ததில்லை.

இனி வானொலிக்கு வருவோம். 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பும் தொடங்கியது. அக்காலத்து எளிய வானொலிப் பெட்டியைப்பற்றி மாணவர்கள் அறியவேண்டும். அதில் மின்கலம் இல்லை. கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகம் ஒன்றும், அதன்மேல் ஊசிபோல் படியும் மெல்லிய கம்பி ஒன்றும், வானத்தை நோக்கி ஒரு கம்பி, மண்ணிற்குள் ஒரு கம்பி, அவ்வளவுதான். அப்படிகத்தை அலை உணர்த்தும் கருவியாக்கி 1904இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ் என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். வானிலிருந்து வரும் அலையின் ஆற்றலே அப்பெட்டிக்கு உணவு. அந்த ஆற்றல் ஒலிபெருக்கியை அசைக்கப் போதாது. ஆகவே காதில் மாட்டும் ஹெட்போன் இன்றி அதில் ஒன்றும் கேளாது. இன்று இளைஞர் காதில் காணும் கருவி புதுமையன்று. வானொலி பிறந்தபோதே அது காதில்தான் பிறந்தது.

பணமுடையால் அச்சங்கம் 1927இல் மூடப்பட்டது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள்தோறும் ஒலிபரப்பி வந்தது. பெட்டி வாங்க இயலாதவர் மெரினாக் கடற்கரையில் ஒலிபெருக்கியின் அடியில் கூடிக் கேட்டனர். பின்னர் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளும், எங்கள் சோழ நாட்டிற்கு உரியதான திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் தொடங்கப்பெற்றன.

எங்கள் வீட்டிற்கு வானொலி வந்தது இசைக்காக அன்று; நெல்லுக்காக. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல் வகை வந்தபோது, அதன் சாகுபடி முறைகளைத் திருச்சி வானொலி எடுத்துச் சொல்லிற்று. தஞ்சை உழவர்கள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயரிட்டுவிட்டார்கள். என் தந்தையாரும் அதன்பொருட்டே ஒரு வால்வு ரேடியோ வாங்கினார். தபாலாபீசில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி அதற்கு லைசென்சு புதுப்பிக்கவேண்டும். (அவ்வழக்கம் 1980களில் நீங்கிற்று.) கூடத்தில் உயரமான பலகை, அதன்மேல் பெட்டி, மேலே அப்பாயி தைத்த பூவேலைத் துணி, உத்தரத்துக்கு உத்தரம் கட்டிய செம்புவலை ஏரியல். திருகினால் உடனே பாடாது. வால்வு சூடேற வேண்டும். அந்த ஒரு நிமிடம் வீடு முழுவதும் பெட்டியைப் பார்த்து நிற்போம்.

அப்பாயியைப்பற்றி இங்கே சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. அவர் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அக்காலத்துக் கட்டுப்பாட்டின்படி மங்கல நிகழ்ச்சிகளில் அவர் முன்வந்து நிற்பதில்லை. நாகசுரமோ மங்கல வாத்தியம். கெட்டிமேளம் முழங்கும் வேளையில் அவர் கொல்லைப்புறத்தில் இருப்பார். நாகசுரத்தின் தலைநாடாகிய தஞ்சை மண்ணில் பிறந்தும், ஒரு வித்துவான் எதிரில் அமர்ந்து ஓர் இராகத்தை முதலிலிருந்து கடைசிவரை அவர் கேட்டதில்லை. ரேடியோ வந்த பிறகும் முதற் சில மாதங்கள் அடுக்களைக் கதவின் பின்னாலேயே நின்று கேட்டார். "முன்னே வந்து உட்காருங்கள், அம்மா" என்று தந்தையார் அழைப்பார். "இங்கேயே கேட்குதப்பா" என்பார். ஒருநாள் காலை நாகசுர நிகழ்ச்சியின்போது நான் பள்ளிக்குப் புறப்பட்டுக் கூடத்துக்கு வந்தேன். பெட்டிக்கு நேர் எதிரே, கால் நீட்டி, கண்மூடி அப்பாயி அமர்ந்திருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் காலடி ஓசை கேளாமல் வெளியே போய்விட்டேன். வானொலியின் பயன் யாது என்று யாரேனும் கேட்டால் எனக்கு அக்காட்சிதான் முதலில் தோன்றும்.

அப்போது எங்கள் கடற்கரையில் இலங்கை வானொலி திருச்சியினும் தெளிவாகக் கேட்கும். இதற்குப் பௌதிகக் காரணம் உண்டு. மத்திய அலை நிலத்தின்மேல் செல்லும்போது விரைவில் வலிமை இழக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடலின்மேல் நெடுந்தொலைவு தளராமல் வரும். அரசியற் காரணமும் ஒன்று உண்டு. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டால் சுவை கெடும் என்று கருதி, அதை அகில இந்திய வானொலியிலிருந்து பெரிதும் ஒதுக்கினார். மக்கள் சுவையை மாற்றிக்கொள்ளவில்லை, நிலையத்தை மாற்றிக்கொண்டார்கள். வடக்கே இந்திப் பாட்டுக்கும் தெற்கே தமிழ்ப் பாட்டுக்கும் முள் இலங்கைக்குத் திரும்பியது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தோன்றிய பின்னரும் 'பொங்கும் பூம்புனல்' கேளாத காலை எங்கள் தெருவில் இல்லை. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரலை எங்கள் உறவினர் குரல்போல் அறிந்திருந்தோம்.

கேஸ்கரை எள்ளி நகையாடுவது இன்று எளிது. அவர் காலத்தில் 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, சனிக்கிழமை இரவுதோறும், டிக்கெட்டு இன்றி, சபாவும் இன்றி, குக்கிராமத்தானையும் பெருங்கச்சேரிக்கு அழைத்தது. எனக்குத் தெரிந்த சிறிது இராக ஞானம் அதனால் வந்ததே. திரைப்பாட்டைக் கேட்கவிடாமல் செய்தது பிழை. நல்ல சங்கீதத்தை எல்லார்க்கும் கொடுத்தது பிழையன்று.

அடுத்து வந்தது டிரான்சிஸ்டர். 1947 இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சிறு பொருள், 1954இல் சட்டைப்பைக்கு அடங்கும் ரேடியோவாயிற்று. நம் பக்கத்தில் அது பரவ மேலும் பத்தாண்டுகள் ஆயின. கூடத்துப் பலகையில் குடியிருந்த இசை, களத்துமேட்டுக்கும் கட்டுமரத்துக்கும் போயிற்று. கட்டை தளர்ந்த செல்களை வெயிலில் காயவைத்து மீண்டும் போட்டுக் கேட்டவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கொணர்ந்த கேசட்டு, நம் மாவட்டத்துக்குப் பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்பியோரின் பெட்டிகளில் வந்தது. வானொலி தந்ததைக் கேட்டவர்கள், இனி வேண்டியதை வேண்டிய நேரத்தில் கேட்கலாயினர். 1979 ஜூலையில் ஜப்பானின் சோனி கம்பெனி 'வாக்மேன்' என்னும் கைக்கருவியை விற்கத் தொடங்கியது. அதில் ஒலிபெருக்கி கிடையாது. இசை, தான் பிறந்த இடமாகிய காதுக்கே திரும்பிற்று.

அந்த வாக்மேனால் நான் செய்த பிழை ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் நான் ஆசிரியனாயிருந்த பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கடைசி வரிசையில் அக்கருவியைச் சட்டைக்குள் மறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பறித்து என் மேசை அறைக்குள் வைத்துப் பூட்டினேன். "சினிமாப் பாட்டுக் கேட்கவா பள்ளிக்கூடம் வருகிறாய்?" என்று வகுப்பின் முன் கடிந்தேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவன் தாயார் வந்தார். "பாட்டு இந்தப் பக்கந்தான் சார், அந்தப் பக்கம் அவங்க அப்பா பேசினது" என்றார். தந்தை துபாயில் இருந்தார். கடிதம் எழுதத் தெரியாத பலர் அந்நாளில் கேசட்டில் பேசி, ஊர் திரும்புவோரிடம் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குடும்பச் செய்தி. இது எனக்குத் தெரியாததன்று; தெரிந்தும் கேளாமல் தீர்ப்பளித்தேன். கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். கடிந்ததை வகுப்பின் முன் செய்தவன், வருந்தியதைத் தனியறையில்தான் செய்தேன். ஆசிரியப் பயிற்சியில் எனக்குக் கற்பித்ததற்கு நேர்மாறான செயல் அது.

பின்னர் நிகழ்ந்தவை நீங்கள் அறிந்தவை. 1982இல் குறுந்தகடு, 1995இல் எம்பி3 என்னும் பெயர் பெற்ற சுருக்கமுறை, 2001இல் ஐபாடு. செவி உணராத பகுதிகளை நீக்கி ஒலியைப் பத்தில் ஒரு பங்குக்கும் சுருக்கலாம் என்னும் செவியியல் ஆய்வே இவ்வளவுக்கும் அடிப்படை. 2016இல் ஜியோ வந்து இணையத்தின் விலை விழுந்தபின், எங்கள் ஊர்ப் படகுத்துறையிலும் பாட்டு அலைபேசியில் ஓடிவருகிறது. ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வந்தது. இப்போது ஒருவர் கேட்கும் பாட்டு, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அதில் நன்மையும் உண்டு. என் அப்பாயிக்கு ஹெட்போன் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார். கதவின் பின்னால் மாதக்கணக்கில் நின்றிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் முன்னே வந்து அமர்ந்ததை நாங்கள் கண்டும் இருக்கமாட்டோம்.

செவியின் நலம்பற்றி ஒரு சொல். உட்செவியிலுள்ள மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. சிறுவர்க்கு அந்த அளவு 75 டெசிபல். ஒலியைக் கூட்டக்கூட, கேட்கத் தகும் நேரம் விரைந்து குறையும்.

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் கடற்கரையில், டேனியக் கோட்டைச் சுவரருகே, காதில் கருவியோடு அமர்ந்திருந்தான். 'என்ன கேட்கிறாய்?' என்று கேட்டு உட்கார்ந்தேன். ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தான். அவன் விருப்பப் பாட்டு இரண்டை முழுவதும் கேட்டேன். அதன்பின், என் விருப்பம் ஒன்றைத் தேடச் சொன்னேன். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி கிடைத்தது. பழைய தட்டின் கீறல் ஓசையுடன். ஒரு காதில் தோடி, மறு காதில் கடல். பேரன் பேசாமல் கேட்டான். மூன்று நிமிடத்தில் சட்டென்று நின்றது.

"மிச்சம் எங்கே, தாத்தா?" என்றான்.

தட்டின் மறுபக்கத்தில் இருக்கும் என்றேன். பேரன் அப்போதே அதைத் தேடத் தொடங்கினான்.