முதியோர் இல்லப் பதிவேடு: நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாற யார் பணம் கொடுப்பது?

நள்ளிரவில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து பாட்டி ஒருவரைக் கோலகுபு பாரு மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவசரப் பிரிவில் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். என்ன நோய், என்ன மருந்து, கடைசியாக எப்போது சாப்பிட்டார்? உடன் வந்த பணியாளர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதில்கள் எல்லாம் இல்லத்தின் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. நோட்டு கூட வரவில்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் பல நாடுகள் பராமரிப்பு இல்லங்களின் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றச் சொல்கின்றன. சொல்வது எளிது. மென்பொருள், கைக்கணினி, இணையம், பணியாளர் பயிற்சி என ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். இங்கிலாந்து அரசாங்கம் அந்தப் பணத்தை இதற்கென்றே ஒதுக்கியது. நம் நாட்டில் வணிகங்களுக்கு மின்னியல் மானியம் உண்டு. அரசாங்க மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் ஒதுக்கீடு உண்டு. பத்துப் பதினைந்து முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் சிறிய இல்லம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

தோட்டத்தோடு போன பதிவேடு

அம்பாங் பெச்சா, கோலகுபு பாரு, பத்தாங் காலி தொடங்கி பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோலசிலாங்கூர் வரை உள்ள வடசிலாங்கூர் வட்டாரத்தில் இது வெறும் கணினி விவகாரம் அல்ல. தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒரு தொழிலாளியைப் பற்றிய விவரம் எங்காவது எழுதப்பட்டிருந்தது. பெயர் கிராணியின் செக்ரோலில் இருந்தது. காய்ச்சலும் காயமும் தோட்ட ஆஸ்பத்திரி டிரெசரின் புத்தகத்தில் இருந்தன. பிள்ளை யாருடையது என்பதை ஆயாக்கொட்டகையில் இருந்த ஆயா வாயாலேயே சொல்லிவிடுவார்.

தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, செம்பனையாக மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பதை இந்த வட்டார வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துச் சென்றன. டிரெசர் எழுதி வைத்த புத்தகம் அவர்களோடு வரவில்லை.

அன்று பால் வெட்டியவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். ஒருவருடைய பெயரே ரோமன் எழுத்தில் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், கிளினிக் அட்டையில் இன்னொரு விதமாகவும் இருக்கும். பிறந்த தேதி உத்தேசமாகப் பதியப்பட்டவர்களும் உண்டு. சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளுகிறவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஒருவர் இல்லத்துக்கு வரும்போது, அவருடைய கதையை முதன்முதலாக ஒழுங்காக எழுதி வைக்கப்போவது அந்த இல்லம்தான். அந்த எழுத்து தொலைந்தால் மறுபடி கேட்டு எழுத ஆள் இருக்காது.

2030-ஆம் ஆண்டில் நாட்டு மக்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களாக இருப்பார்கள் என்பது அரசாங்கமே சொல்லிவரும் கணிப்பு. பிள்ளைகள் கிள்ளானிலும் ஜொகூரிலும் வேலை செய்ய, பெற்றோர் இல்லத்தில் இருப்பது இனி அபூர்வமாக இருக்காது.

கணினிப் பதிவில் என்ன இருக்கும்?

நோட்டில் எழுதுவதையே தட்டச்சு செய்வது அல்ல இது. இல்லத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக்கோப்பு இருக்கும். அடையாள அட்டை எண், வாரிசுகளின் தொடர்பு, ஒவ்வாமை, நோய்கள், மருந்தின் பெயரும் அளவும் வேளையும், உடல் எடை, புண் இருந்தால் அதன் நிலை, அடுத்த கிளினிக் தேதி ஆகியவை அதில் இருக்கும். அன்றாடக் குறிப்புகளும் அதிலேயே சேரும். காலையில் சாப்பிட்டாரா, தூங்கினாரா, விழுந்தாரா, யார் குளிப்பாட்டியது? ஒவ்வொரு வரியிலும் எழுதியவர் பெயரும் நேரமும் தானாகப் பதியும். காலை மருந்து கொடுக்காமல் விட்டால் கைக்கணினித் திரையில் எச்சரிக்கை வரும். ஐந்து வேளைக்கும் சேர்த்து இரவில் ஒரே பேனாவால் குறி போடும் பழக்கத்துக்கு இதில் இடம் குறைவு. நல்ல இல்லங்கள் இதை வரவேற்பதற்கும் சில இல்லங்கள் தயங்குவதற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு கட்டமும் அவசியம். அவர் எந்த மொழி பேசுவார் என்பதே அது. "மாரு கனக்குது" என்று ஒரு பாட்டி சொன்னால் அது நெஞ்சுவலியாக இருக்கக்கூடும். இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பணியாளருக்கு அது புரியாது. வலியைச் சொல்ல அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் நான்கைந்து சொற்களைப் பொருளோடு எழுதி வைப்பதற்குச் செலவே இல்லை.

இங்கிலாந்து என்ன செய்தது?

2021 டிசம்பரில் இங்கிலாந்து அரசாங்கம் சமூகப் பராமரிப்புச் சீர்திருத்த வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. பராமரிப்புத் துறையை மின்னியலுக்கு மாற்ற மூன்று ஆண்டுகளில் குறைந்தது 150 மில்லியன் பவுண்டு செலவிடப்படும் என்று அதில் அறிவித்தது. அப்போது அங்கேயும் கணினிப் பதிவு வைத்திருந்த இல்லங்கள் பாதிக்கும் குறைவுதான். 2024 மார்ச்சுக்குள் பதிவு பெற்ற பராமரிப்பு நிறுவனங்களில் 80 விழுக்காடு மாறியிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள்.

பணம் கொடுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். லண்டனில் உட்கார்ந்து எல்லாருக்கும் காசோலை அனுப்பவில்லை. நாட்டை 42 சுகாதார வட்டாரங்களாகப் பிரித்திருந்தார்கள். அந்த வட்டார வாரியங்கள் வழியாக நிதி போனது. எந்த மென்பொருளை வாங்கலாம் என்பதற்குத் தரம் பார்த்த ஒரு பட்டியலையும் வெளியிட்டார்கள். இல்ல நடத்துநர் அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். கணினி தெரியாத நடத்துநரை விற்பனையாளர் ஏமாற்றாமல் காத்தது இந்தப் பட்டியல்தான். தொகையைவிடப் பெரிய உதவி இது என்றே சொல்லலாம்.

அங்கே அடியும் விழுந்தது. 2022 ஆகஸ்டில், மருத்துவமனைகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் மென்பொருள் வழங்கும் அட்வான்ஸ்ட் என்ற நிறுவனத்தின் கணினிகளை ஊடுருவல்காரர்கள் முடக்கினார்கள். பணியாளர்கள் மறுபடி பேனாவும் தாளும் எடுத்தார்கள். 79,404 பேரின் விவரங்கள் களவு போயின. அவர்களில் 890 பேர் வீட்டிலேயே பராமரிப்புப் பெறுபவர்கள். அவர்கள் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்ற விவரமும் திருட்டில் சேர்ந்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு கணக்கின் வழியாகவே திருடர்கள் உள்ளே வந்தார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது.

மலேசியாவில் பணம் எங்கே இருக்கிறது?

காகிதமில்லா மருத்துவமனை நமக்குப் புதிது அல்ல. வடசிலாங்கூர் நோயாளிகள் பலர் மேல் சிகிச்சைக்குப் போகும் செலாயாங் மருத்துவமனை 1999-இல் திறக்கப்பட்டபோதே நாட்டின் முதல் காகிதமில்லா மருத்துவமனையாகத்தான் தொடங்கியது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும் மின்னியல் சுகாதாரப் பதிவைப் பேசுகிறது. இவை சுகாதார அமைச்சின் வேலை. முதியோர் இல்லங்கள் பெரும்பாலும் சமூக நலத்துறையான ஜே.கே.எம்.மின் கீழ் வருகின்றன. இரண்டு வெவ்வேறு அமைச்சுகள். நோயாளி ஒருவர்தான்.

வணிகத்துக்கான பணம் வேறு வாசலில் இருக்கிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மின்னியல் மானியத்தில், செலவில் பாதியை அரசாங்கம் கொடுக்கும். உச்சவரம்பு 5,000 ரிங்கிட். 2024 வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. பேங்க் சிம்பானான் நேஷனல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கணக்கு, சம்பளப் பட்டியல், விற்பனை, வாடிக்கையாளர் பதிவு போன்றவற்றுக்கான மென்பொருள்களை மனத்தில் வைத்து உருவான திட்டம் இது. நிறுவனமாகப் பதிவு பெற்ற தனியார் இல்லம் முயன்று பார்க்கலாம். குறைந்தபட்சம் கணக்கையும் பணியாளர் பதிவையும் மாற்றிக்கொள்ள அது உதவும். ஒதுக்கீடும் நிபந்தனையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பணம் கட்டி மென்பொருள் வாங்குவதற்கு முன்பே வங்கியில் கேட்டுவிட வேண்டும்.

கோயில் அன்பர்களோ ஓய்வுபெற்ற ஆசிரியர்களோ சேர்ந்து சங்கமாகப் பதிந்து நடத்தும் தர்ம இல்லத்தின் நிலை வேறு. 1966 சங்கச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பு வணிக நிறுவனம் ஆகாது. அதற்குத் திறந்திருக்கும் கதவுகள் மூன்று: நல அமைப்புகளுக்கு ஜே.கே.எம். வழங்கும் மானியம், வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு, இந்திய அமைப்புகள் என்றால் மித்ரா. இல்லங்கள் இந்தக் கதவுகளைத் தட்டும்போது அரிசி, கூரை, வேன் என்றே கேட்கின்றன. தவறில்லை, அவையும் தேவைதான். ஆனால் அடுத்த முறை மனு எழுதும்போது, இரண்டு கைக்கணினி, ஓராண்டு இணையக் கட்டணம், இரண்டு பணியாளர்களுக்குப் பயிற்சி என்று ஒரு வரி சேர்த்தால் வேனைவிடக் குறைந்த செலவில் முடிந்துவிடும். அடிப்படைக் கணினிப் பயிற்சிக்கு வட்டாரத்திலுள்ள நாடி மையங்களைக் கேட்கலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களைத் தங்க வைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் 1993 பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 506-இன் கீழ், பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. தாதிமைச் சேவையோடு கூடிய தனியார் முதியோர் சுகாதார மையங்களுக்காக 2018-இல் தனிச்சட்டம் 802 இயற்றப்பட்டது. அது சுகாதார அமைச்சின் பொறுப்பு. பதிவு இல்லாத இல்லம் எந்த மானியத்துக்கும் கையேந்த முடியாது. பதிவு செய்வதே முதல் படி.

தகவல் பாதுகாப்புக்கு 2010 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவரின் உடல்நலக் குறிப்பு, இச்சட்டப்படி தெளிவான சம்மதம் பெற்றே கையாள வேண்டிய நுண்ணிய தகவல். 2025 ஜூன் 1 முதல், தகவல் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். கடும் பாதிப்பு வரக்கூடும் என்றால் ஏழு நாளில் சம்பந்தப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். சட்டம் வணிகப் பரிவர்த்தனைக்கு மட்டுமே பொருந்தும். அரசாங்கம் அதில் அடங்காது. கட்டணம் வாங்கும் இல்லங்கள், சட்டம் தங்களுக்கும்தான் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டியின் முதுகுப்புண்ணைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. அதில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், நான்கு பேர் அதை வேறு குழுக்களுக்கு அனுப்புவார்கள். அது பதிவேடு ஆகாது. பணியாளர் கைப்பேசியை மாற்றினால் அந்தப் படமும் போய்விடும்.

பணம் வரும் வரை

மென்பொருள் வாங்க முடியாத இல்லம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் மலாய்மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் தட்டச்சு செய்து, கடவுச்சொல் போட்ட ஒரே கணினியில் வைக்கலாம். அதன் அச்சுப் பிரதியை, ஆம்புலன்ஸ் வந்தால் எடுத்துக்கொண்டு ஓடும் இடத்தில் ஒரு கோப்பில் வைக்கலாம். கிளினிக்கில் மருந்து மாறும் அன்றே அந்தப் பக்கமும் மாற வேண்டும். பழைய மருந்துப் பட்டியல், பட்டியலே இல்லாததைவிட ஆபத்தானது. வாரம் ஒரு முறை நகல் எடுத்து வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும் வட்டாரங்களில் இதை வலியுறுத்திச் சொல்லவும் வேண்டுமா?

பெற்றோரைச் சேர்க்கப் போகும் பிள்ளைகள் கட்டணத்தையும் கட்டிலையும் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜே.கே.எம். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். நேற்றைய மருந்துப் பதிவைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். அப்பா வேறு இல்லத்துக்கு மாறினால் அவருடைய பதிவின் நகல் கிடைக்குமா என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது பழைய கிளினிக் அட்டை, மருந்துப் பொட்டலம், அடையாள அட்டை நகல் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் அவரை எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். நினைவு தப்பும் காலத்தில் சிலர் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.